மடகஸ்கார்: செம்மண் தீவும் அதன் மக்களும்

விதைநெல் பங்கிட்டு முடிந்த ஒரு மாலை வேளையில் பள்ளிக்கூடப் பிள்ளையொன்று தன் தேசப்படப் புத்தகத்தை விரித்து, இந்து சமுத்திரத்தின் மறுபக்கத்தில் கிடக்கும் பெரிய தீவொன்றைக் காட்டி, அது என்ன நாடு என்று எங்களிடம் கேட்டது. மடகஸ்கார் என்றோம். பக்கத்தில் வெறுஞ்சாக்குகளை மடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து, "அங்கை என்னத்தை விதைக்கினம் சுவாமி?" என்றார். நெல் என்றோம். "ஆபிரிக்காவுக்குப் பக்கத்திலையோ?" என்று அவர் நம்பாதவராய்ச் சிரித்தார். இருட்டிவிட்டதால் அன்று அவருக்கு முழுப் பதிலும் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் விட்ட மிகுதியை இங்கே எழுதுகின்றோம்.

மடகஸ்கார் உலகின் நான்காவது பெரிய தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 587,000 சதுர கிலோமீற்றர். எமது இலங்கையைப் போல் ஒன்பது தீவுகளை அதற்குள் அடுக்கி வைக்கலாம். வடமுனையிலிருந்து தென்முனை வரை ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் நீளம். ஆபிரிக்கக் கரைக்கும் அதற்கும் இடையே மிகக் குறுகிய இடத்திலேயே 400 கிலோமீற்றர் கடல் உண்டு. இன்று அங்கு ஏறத்தாழ 3 கோடி மக்கள் வாழ்கின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் கமக்காரர்.

நாட்டின் நடுவே வடக்குத் தெற்காக மேட்டுநிலம் முதுகெலும்பு போல் ஓடுகின்றது. அதிலே 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் தலைநகர் அந்தனனரிவோ அமைந்துள்ளது. மிக உயர்ந்த சிகரமான மரோமொகொட்ரோ 2,876 மீற்றர். எமது பீதுருதாலகாலையை விடச் சற்று உயரம். கிழக்கே கடலிலிருந்து வீசும் காற்று மேட்டுநிலத்தின் செங்குத்தான சரிவில் மோதி மழையைக் கொட்டிவிடுவதால் அப்பக்கம் ஈரமும் அடர்காடும் உள்ளன. மேற்கே மழை மறைவில் அகன்ற சமவெளி. நவம்பர் முதல் மார்ச் வரைதான் மழை. தெற்கே போகப் போக மழை குறைந்து, முள்மரங்களும் கள்ளிகளும் நிறைந்த வரண்ட பூமியாகின்றது. ஈர வலயம், உலர் வலயம் என்று நாம் பள்ளியில் படித்ததை அப்படியே பெருப்பித்துப் பார்த்தால் மடகஸ்காரின் காலநிலை ஓரளவு விளங்கும். ஒரு வித்தியாசம்: அங்கு ஏறத்தாழ ஒவ்வொரு ஆண்டும் சூறாவளி உண்டு. 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் வீசிய பட்சிராய் சூறாவளி மட்டும் 120 பேருக்கு மேல் பலிகொண்டது.

இத்தீவு ஒரு காலத்தில் எமக்கு அயல்காணி. ஆபிரிக்கா, இந்தியா, இலங்கை, மடகஸ்கார், அவுஸ்திரேலியா, அந்தாட்டிக்கா எல்லாம் ஒன்றாய் ஒட்டிக் கிடந்த பெருநிலம் உடைந்தபோது, மடகஸ்கார் ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவிலிருந்தும், ஏறத்தாழ 8 கோடி 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்தும் பிரிந்தது. தென் மடகஸ்காரின் பாறைகளும் எமது மத்திய மலைநாட்டுப் பாறைகளும் ஒரே குடும்பம். காரீயமும் நீலக்கல்லும் இரு நாட்டிலும் கிடைப்பது இதனால்தான். 1998இல் இலக்காக்கா என்னும் குக்கிராமத்தின் அருகே நீலக்கல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதை வாங்கப் போய்ச் சேர்ந்த வியாபாரிகளில் இலங்கையர் பலர். எமது வீட்டு முற்றத்துப் பட்டிப்பூவும் மடகஸ்காரின் மண்ணில் பிறந்ததே. நித்தியகல்யாணி என்றும் இதைச் சொல்வர். இச்செடியிலிருந்துதான் சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்ரின் என்ற மருந்து எடுக்கப்பட்டது. செக்கச்சிவந்து பூக்கும் செம்மயிற்கொன்றையும் விசிறி வாழையும் கூட அங்கிருந்து வந்தவையே.

நீண்டகாலம் தனித்துக் கிடந்தமையால் அங்குள்ள உயிரினங்களில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. யானை இல்லை, சிங்கம் இல்லை, குரங்கு இல்லை. நாகபாம்பும் விரியனும் தரையில் இல்லை என்று சொன்னால் எமது வயற்காரர் பொறாமைப்படுவர். உலகிலுள்ள பச்சோந்தி இனங்களுள் ஏறத்தாழப் பாதி அங்குதான் வாழ்கின்றன. பெருக்குமரம் என்று மன்னாரில் நாம் சொல்லும் மரத்தின் இனத்தில் ஆறு வகை அத்தீவுக்கே உரியவை.

குரங்கின் இடத்தில் அங்கு லெமூர்கள் உள்ளன. எமது காட்டுத் தேவாங்கு இவற்றுக்கு நெருங்கிய உறவு. அந்தப் பெரிய கண்ணைப் பார்த்தவர்களுக்கு லெமூரின் முகம் புதிதாக இராது. இவற்றின் முன்னோர் பல கோடி ஆண்டுகளுக்கு முன், புயலில் பெயர்ந்து கடலில் மிதந்த மரஞ்செடித் திரள்களில் ஆபிரிக்காவிலிருந்து அடிபட்டு வந்து கரையேறியிருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர். அப்படி வந்த சிலவற்றிலிருந்து இன்று நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள். மிகப் பெரியது இன்ட்ரி. கறுப்பும் வெள்ளையுமான இது விடியற்காலையில் நெடுந்தூரம் கேட்கும்படி குரலெடுத்துக் கூவும். தம் முன்னோர் ஒருவருடன் இதற்கு உறவுண்டு என்று கிழக்குக் காட்டு மக்கள் நம்புவதால், அதைக் கொல்வது அவர்களுக்கு விலக்கு. இவ்விலக்கை அவர்கள் ஃபடி என்பர். ஆனால் ஐ-ஐ என்ற இன்னொரு லெமூருக்கு நேர்மாறான விதி. நீண்ட மெல்லிய நடுவிரலால் மரத்தைத் தட்டிப் பார்த்துப் புழுவைத் தோண்டித் தின்னும் இந்த அப்பாவிப் பிராணி ஊருக்குள் வந்தால் சாவு வரும் என்று சொல்லிப் பல இடங்களில் அடித்துக் கொன்றுவிடுவர். ஆந்தை அலறினால் எமது ஊரில் என்ன சொல்கிறோம் என்பதை எண்ணிக்கொண்டு இதை வாசிக்க வேண்டும்.

அங்கு முன்பு வாழ்ந்து மறைந்தவை இன்னும் ஆச்சரியமானவை. மூன்று மீற்றர் உயரமான, பறக்காத யானைப் பறவையின் ஒரு முட்டை ஏறத்தாழ 150 கோழி முட்டைகளுக்குச் சமம். கொரில்லாவளவு லெமூர்களும் குள்ள நீர்யானைகளும் இருந்தன. எல்லாம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், மனிதக் குடியேற்றம் பரவிய காலத்தை ஒட்டி இல்லாமற் போயின. எஞ்சிய லெமூர்களின் நிலையும் நல்லதன்று. 107 இனங்களில் 103 அழியும் ஆபத்தில் இருப்பதாக 2020இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது.

இனி மனிதர். பக்கத்திலே ஆபிரிக்கா இருக்க, மலகாசி என்னும் அம்மக்களின் மொழி ஆபிரிக்க மொழியன்று. இந்தோனேசியாவின் போர்ணியோத் தீவில் பரித்தோ ஆற்றங்கரையில் பேசப்படும் மாஅன்யான் மொழியே அதற்கு மிக நெருங்கியது. இதனை நோர்வே நாட்டு அறிஞர் ஒட்டோ டால் 1951இல் எடுத்துக்காட்டினார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்போ அதற்குச் சற்று முன்னோ, இந்து சமுத்திரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை பல ஆயிரம் கிலோமீற்றர் தூரத்தை வள்ளங்களில் கடந்து ஒரு கூட்டம் வந்தது. இன்றைய மலகாசியரின் தாய்வழி மரபணுவை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வொன்று, அப்படி வந்து குடியமர்ந்த ஆசியப் பெண்கள் ஏறத்தாழ 30 பேர்தான் என்று மதிப்பிட்டது. முப்பது பெண்கள்! எமது முகாம்களில் ஒரு தறப்பாள் வரிசையில் அதைவிடக் கூடுதலான பெண்கள் இருந்தார்கள். ஆபிரிக்காவிலிருந்தும் மக்கள் வந்தனர். திமில் உள்ள மாடுகளைக் கொண்டுவந்தனர். இரு சாராரும் கலந்து உண்டானவர்களே மலகாசியர். அவர்களது மொழியில் நூறாயிரத்தைக் குறிக்கும் ஹெட்சி என்ற சொல், மலாய் மொழி வழியாகப் போய்ச் சேர்ந்த எமது 'கோடி' என்கின்றனர். வழியில் இரண்டு சுழியம் தொலைந்துவிட்டது போலும்.

கிழக்கிலிருந்து வந்தவர்கள் கையில் கொண்டுவந்தது நெல். மலகாசியருக்குச் சோறுதான் சாப்பாடு. மற்றவையெல்லாம் சோற்றுக்குத் துணை. மூன்று வேளையும் சோறு உண்பார்கள். சோறு வடித்த பானையின் அடியில் தீய்ந்து ஒட்டியிருப்பதைச் சுரண்டி வீசுவதில்லை. அதிலே தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துச் சாப்பாட்டோடு குடிப்பர். முற்காலத்தில் நேரத்தைக்கூடச் சோற்றாலேதான் அளந்தனர். அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஒரு பானை சோறு வேகும் நேரம் என்பது பதில்.

மேட்டுநிலத்து மக்கள் பள்ளத்தாக்குகளின் சரிவை வெட்டிப் படிபடியாக வயல் அமைத்து, வாய்க்கால் வழியே மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு நீர் பாய்ச்சுகின்றனர். இதில் பெட்சிலியோ என்ற இனத்தவர் கைதேர்ந்தவர்கள். நடுவதற்கு முன் மாட்டுப்பட்டியை நீர் நிறைந்த வயலுக்குள் இறக்கி, இளைஞர் சத்தமிட்டுச் சுற்றிச் சுற்றி விரட்டி உழக்குவார்கள். எருமைகளை விட்டு உழக்கிய காலத்தை நினைவுள்ள எமது பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1787 முதல் 1810 வரை ஆண்ட அன்ட்ரியனாம்போயினிமெரினா என்ற அரசர் தலைநகரைச் சூழ்ந்த சதுப்பை வடித்து, அணை கட்டி, பெருவயலாக்கினார். தன் வயலுக்குக் கடல்தான் வரம்பு என்று அவர் சொன்னதாக இன்றும் பேசுவர். கடல்வரை ஆள்வேன் என்பதைக் கமக்காரன் பாஷையில் சொன்ன அரசர்! அவர் வழிவந்த கடைசி அரசியை 1897இல் பிரெஞ்சுக்காரர் நாடுகடத்தினர். அவர் 1917இல் அல்ஜீரியாவில் இறந்தார். அவரது எலும்புகள் 1938இல்தான் ஊர் திரும்பின. நாடு 1960 ஜூன் 26ஆந் திகதி சுதந்திரம் பெற்றது.

எலும்புகள் ஊர் திரும்புவது அங்கு சிறிய காரியமன்று. பிறந்த ஊரை அவர்கள் 'முன்னோரின் மண்' என்றே அழைக்கின்றனர். எங்கு போய்ப் பிழைத்தாலும் இறுதியில் குடும்பக் கல்லறையில் சேர வேண்டும். தூரத்தில் இறந்தவரை அங்கேயே தற்காலிகமாகப் புதைத்துவிட்டு, பணம் சேர்ந்தபின் எலும்புகளை எடுத்து வந்து சேர்ப்பதுண்டு. மேட்டுநிலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மழையில்லாத ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், கல்லறையைத் திறந்து முன்னோரின் உடல்களுக்குப் புதிய பட்டுத்துணி சுற்றி, மேளதாளத்துடன் தூக்கிச் சென்று, மீண்டும் வைப்பார்கள். இதற்கு ஃபமாடிஹானா என்று பெயர். சாப்பாட்டுச் செலவில் குடும்பங்கள் கடனாளியாவதும் உண்டு; அதை நாம் மெச்சவில்லை. ஆனால் சேமக்காலைக்குப் போகும் பாதை ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததை அறிந்தவர்கள், இவ்வழக்கத்தைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள் என்றே நினைக்கின்றோம்.

இதுவரை சொன்னது பள்ளத்தாக்கு வயல். சரிவுகளிலோ வேறு முறை. காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் நெல்லை ஊன்றுவர். எமது சேனைப்பயிர்தான், அங்கு தாவி என்பர். இரண்டொரு போகம் எடுத்தபின் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓய்வு கொடுத்தால் காடு திரும்பும். சனம் பெருகி, ஓய்வு மூன்று நான்கு ஆண்டாகச் சுருங்கியபோது காடு திரும்பவில்லை. புல்லும் பன்னமும் வந்தன. 1881ஆம் ஆண்டின் அரச சட்டமே காடு எரிப்பதைத் தடைசெய்தது. பின்னர் பிரெஞ்சு ஆட்சியும் தடை போட்டது. போட்டுவிட்டு, கோப்பித் தோட்டங்களுக்கும் மர வியாபாரத்துக்கும் தாராளமாகக் காட்டைக் கொடுத்தது. 1953க்கும் 2014க்கும் இடையில் மட்டும் இயற்கைக் காட்டில் 44 வீதம் அழிந்தது. மேட்டுநிலத்துச் செம்மண் குன்றுகளில் லவாக்கா எனப்படும் பாரிய பிளவுகள் வாய் திறந்து கிடக்கின்றன. அவற்றுள் மனிதர் வருமுன்பே உண்டானவையும் உண்டு என்று இப்போது காட்டியுள்ளனர். எல்லாப் பழியும் கமக்காரனுக்கன்று. ஆயினும் மழைக்குப்பின் பெட்சிபோகா ஆறு செந்நிறமாகக் கடலில் கலப்பது விண்வெளியிலிருந்தே தெரிகின்றது. வயலுக்குரிய மேல்மண் அல்லவா அப்படிப் போகின்றது!

இவ்விடயத்தில் எமது மனதை மிகவும் உறுத்துவது தென்பகுதியின் கதை. அங்கு வாழும் அந்தன்ட்ரோய் என்பாரின் பெயருக்கே முட்காட்டு மக்கள் என்று பொருள். வெளியிலிருந்து வந்த நாகதாளிக் கள்ளியை அவர்கள் வேலியாக்கினர். வரட்சியில் அதன் பழத்தைத் தாம் தின்று, முள்ளைச் சுட்டு மாட்டுக்கும் கொடுத்தனர். 1924இல் கள்ளியை அழிக்கும் பூச்சி அங்கு கொண்டுவந்து விடப்பட்டது. சில ஆண்டுகளில் கள்ளி பட்டது, மாடுகள் செத்தன, பஞ்சம் வந்தது, சனம் வேலை தேடி வடக்கே நடந்தது. அன்று தொடங்கிய இடப்பெயர்வு இன்னும் ஓயவில்லை. 2019 தொடக்கம் மழை தொடர்ந்து பொய்த்து, 2021இல் தென்பகுதியில் 11 இலட்சத்துக்கு மேற்பட்டோர் போதிய உணவின்றித் தவித்தபோது, மேலும் பல குடும்பங்கள் மேற்குக் கரையின் மெனாபே பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன.

மெனாபேயில் எஞ்சியிருப்பது ஒரு துண்டு உலர்காடு. மதாம் பேர்த் லெமூர் எனப்படும், முப்பது கிராம் நிறையுள்ள, உள்ளங்கைக்குள் அடங்கும் மிகச் சிறிய லெமூர் அங்கு மட்டுமே வாழ்கின்றது. சொந்தக் காணியில்லாத அகதிக் குடும்பம் அக்காட்டை எரித்துச் சோளமும் கச்சானும் போடுகின்றது. மூன்று நான்கு ஆண்டில் மண் தோற்றுவிடும். அடுத்த துண்டு எரியும். அது பாதுகாக்கப்பட்ட காடு என்பதால் பிடிபடுபவர் மறியலுக்குப் போகின்றார். விளைச்சலை மலிவாக வாங்கிக் கப்பலேற்றும் வியாபாரி போவதாகத் தெரியவில்லை. காட்டை விட்டுவிடு என்று சொல்லுமுன் அக்குடும்பம் எங்கே விதைப்பது என்று சொல்ல வேண்டாமா? அதேவேளை, கையளவுள்ள அப்பிராணிக்கும் வேறு ஊர் கிடையாது. இரண்டும் உண்மை.

குறைந்த நிலத்தில், குறைந்த விதையில், கூடிய நெல் எடுக்க வழியுண்டா என்ற தேடல் அந்நாட்டில்தான் ஒரு புது முறையைத் தந்தது. ஹென்றி டி லோலானியே என்ற பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவானவர் 1961இல் அங்கு சென்று, வயல் வரம்புகளில் இருபது ஆண்டுகள் கமக்காரரைக் கவனித்துக் கற்றவர். 1983இல் அன்ட்சிராபே நகரில் தாம் நடத்திய விவசாயப் பள்ளியின் வயலில் 15 நாள் நாற்றைப் பிடுங்கி நட நேர்ந்தது. வழக்கம் 30 நாளுக்கு மேல். அந்த இளநாற்று எதிர்பாராத அளவு கிளைத்துக் கட்டுவிட்டது. அதிலிருந்து வளர்ந்த முறை இது: 8 முதல் 12 நாளான நாற்றை, வேரில் மண்ணோடு, ஒரு குழிக்கு ஒன்றாக, 25 சதமமீற்றர் சதுர இடைவெளியில் நட வேண்டும். வயலில் நீரைத் தேக்காமல், நனைவதும் காய்வதுமாய் விட வேண்டும். பசளை, மக்கிய குப்பை. களை எடுப்பது, உருட்டும் களைக்கருவி. ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். நாம் ஏக்கருக்கு இரண்டு புசலுக்குக் குறையாமல், அதாவது 40 கிலோவுக்கு மேல், வீசி விதைப்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். லோலானியே 1995இல் இறந்தார். பின்னர் இம்முறையை உலகெங்கும் எடுத்துச் சென்றவர்களில் முதன்மையானவர் நோமன் அப்ஹொவ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1980களில் எமது கல்லோயாத் திட்டத்தில் கமக்காரருடன் பணியாற்றியவர். தமிழ்நாட்டில் இதையே செம்மை நெல் சாகுபடி என்கின்றனர்.

ஆனால் ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. மடகஸ்காரிலேயே இம்முறையைத் தொடங்கிய பலர் சில ஆண்டுகளில் கைவிட்டனர். நீர் தேங்காத வயலில் களை மலியும். நடவுக்கும் களைக்கும் ஆட்பலம் கூடுதலாக வேண்டும். அந்த மாதங்கள்தான் வீட்டில் அரிசி முடிந்து, அன்றாடக் கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாத மாதங்கள். அறுவடையில் இரட்டிப்பாய் வரும் என்றாலும், அதுவரை என்ன தின்பது? நீரை விரும்பியபடி விடவும் நிறுத்தவும் வாய்க்கால் சரியாக இருக்க வேண்டும். குளம் உடைந்து கிடக்கும் இடத்தில் இது கைகூடாது. சொல்லப்பட்ட சில விளைச்சல் கணக்குகளை நம்ப மறுக்கும் விஞ்ஞானிகளும் உளர். விதை மிச்சம், நீர் மிச்சம் என்பதில் மட்டும் பெரிய வாக்குவாதமில்லை.

இவற்றை அந்த முதியவருக்குப் பின்னொரு நாள் சொன்னோம். லெமூர், யானைப் பறவை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எட்டு நாள் நாற்று என்றதும் நிறுத்தினார். "எட்டு நாளிலை அது ஊசி மாதிரியெல்லோ நிக்கும் சுவாமி, கோழி கிளறிப்போடும்" என்றார். பிறகு, இரண்டு சுண்டு விதைநெல் தர முடியுமா என்று கேட்டார். கிணற்றடிக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு பாத்தி கட்டி, கயிறு பிடித்து நட்டிருக்கின்றார். சுற்றிவரக் கோழிக்கு வலையும் அடித்திருக்கின்றார்.